பென்னலூரில் இரண்டு கசடுகள்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பென்னலூர்ப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இந்த வட்டாரத்தின் முழுக் கணக்கும் கண்முன்னே ஓடும். புதுக் கார்களை ஏற்றிய டிரெய்லர்கள், கன்டெய்னர்கள், நடுநடுவே வாடகை வீடுகளிலும் ஹாஸ்டல்களிலும் கழிவை உறிஞ்சிக்கொண்டு போகும் செப்டிக் டேங்க் லாரிகள். காருக்குத் துறைமுகம் இருக்கிறது. இந்தக் கழிவு எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்கத்தான் வந்தேன். உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்று, பெயர் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு உள்ளே விட்டது.

கேன்டீனுக்குப் பின்னால் எஸ்டிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். கழிப்பறை, சமையற்கட்டுத் தண்ணீர் எல்லாம் இங்கேதான் வருகிறது. ஏரேஷன் டேங்கில் காற்றுக் குமிழிகள் கொப்பளித்துக்கொண்டிருந்தன. ஆபரேட்டர் இளைஞர் ஒருவர் ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையில் அந்தப் பழுப்புத் தண்ணீரை மொண்டு மேடைமேல் வைத்தார். "அரை மணி நேரம் இருங்க சார்" என்றார். பழுப்பு மெல்ல அடியில் இறங்க, மேலே தெளிந்த நீர் நின்றது. "இது அழுக்கில்ல சார், எல்லாம் உசுரு. புளோயர் நின்னுச்சுன்னா செத்துடும்."

கழிவைத் தின்று பெருகிய அந்த நுண்ணுயிர்க் கூட்டம்தான் கசடு. பெருகப் பெருக ஒரு பகுதியை வெளியே எடுத்தாக வேண்டும். தொட்டியை விட்டு வரும்போது நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர். அதனால் கசடுக்குச் செய்யும் முதல் வேலையே தண்ணீரைப் பிழிவதுதான். ஃபில்டர் பிரஸ்ஸைத் திறந்ததும் தட்டுகளிலிருந்து பிழிந்த கசடு, அதாவது கேக், பொத்பொத்தென்று விழுந்தது. அதிலும் முக்கால் பங்குக்குக் குறையாமல் ஈரம் இருக்கும் என்றார்கள். கையுறை போட்டு ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தேன். சாக்கடை நாற்றம் இல்லை, ஈர மண்ணின் வாசம். தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த இதைத் தங்கள் வளாகத்து மரங்களுக்கே போடுகிறார்கள்.

ஒரு சுவர் தள்ளி இன்னொரு நிலையம், ஆலைக் கழிவுநீருக்கான ஈடிபி. தகடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் முன் பாஸ்பேட்டிங் செய்யும் தொட்டிகளின் கழிவுநீர் இங்கே வருகிறது. அதில் துத்தநாகமும் நிக்கலும் இருக்கும். சுண்ணாம்பு சேர்த்து அவற்றைப் படிய வைக்கிறார்கள். படிந்தது சாம்பல் நிறக் கசடு. கூரை போட்ட மேடையில், அபாயக் கழிவு என்று எழுதிய மூட்டைகளில் அடுக்கியிருந்தார்கள். 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி பொதுவாக இதை 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பிறகு கும்மிடிப்பூண்டியில் உள்ள பாதுகாப்பான நிலநிரப்புத் தளத்துக்கு அனுப்ப வேண்டும். சிமென்ட் சூளையில் எரிக்கத் தகுந்தது சூளைக்குப் போகும்.

"ரெண்டையும் ஒண்ணாக் கலந்துட்டா?" என்று கேட்டேன்.

"அப்போ மொத்தமும் கும்மிடிப்பூண்டிதான் சார். எருன்னு ஒண்ணு இருக்காது."

உலக நகரங்கள் நூறாண்டாகக் கற்றதும் இதைத்தான். அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1926 முதல் தன் கழிவுநீர்க் கசடை உலர்த்தி, 'மில்ஆர்கனைட்' என்ற பெயரில் மூட்டை கட்டி விற்கிறது. அதே நாட்டின் மெய்ன் மாநிலம் 2022இல் கசடை நிலத்தில் போடுவதையே தடை செய்தது. சிதையாத பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்கள் கசடு வழியாகப் பண்ணை மண்ணிலும் கிணற்றிலும் ஏறியிருந்ததே காரணம். ஒருமுறை மண்ணில் இறங்கிய உலோகத்தையும் இத்தகைய ரசாயனத்தையும் எந்த விவசாயியாலும் திரும்ப எடுக்க முடியாது. கழிவுநீர்க் குழாயில் எது கலக்கிறது என்பதிலேயே எருவின் தலையெழுத்து இருக்கிறது.

கிருமி இரண்டாவது கவலை. வெயிலில் காய்ந்துவிட்டால் சுத்தம் என்று பலரும் நினைக்கிறார்கள். குடற்புழு முட்டைகள் காய்ந்த கசடிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். குவியலாகப் போட்டு மக்கவைத்தால், 55 டிகிரிக்குக் குறையாத சூட்டில் 15 நாள், இடையில் ஐந்து முறை கிளறிவிட வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஆமதாபாத்தில் 2019 முதல் உலர்ந்த கசடைக் கோபால்ட்-60 கதிர்வீச்சால் கிருமி நீக்குகிறார்கள், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தொழில்நுட்பத்தில். நம் பக்கத்திலேயே மதுராந்தகம் அருகே கருங்குழியில் 2017இல் செப்டிக் டேங்க் கழிவுக்கென்று தனி நிலையம் திறந்தார்கள். தமிழ்நாட்டில் அதுதான் முதல்.

இந்தத் தொழில் வட்டாரத்துக்குச் சென்னையின் கழிவுநீரோடு நேரடி உறவும் உண்டு. கோயம்பேட்டில் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குக் குழாயில் அனுப்பும் திட்டம் 2019இல் வந்தது. தண்ணீருக்கு மீட்டர் இருக்கிறது, விலை இருக்கிறது. கசடுக்கும் அப்படி ஒரு கணக்கு வந்தாக வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி, சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரிக்குத்தான் போகிறது. இங்கே ஓடையோரம் ராத்திரியில் கொட்டும் ஒரு லாரி கழிவு, சென்னையின் குடிநீரில் கைவைக்கும் காரியம்.

வெளியே வந்தபோது வரப்பில் நின்றிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இப்படி எரு கொடுத்தால் வாங்குவீர்களா என்றேன். "குடுத்தா வாங்கிக்குவேன் தம்பி. ஆனா எந்தத் தொட்டியிலேர்ந்து வந்ததுன்னு எவன் சொல்லுவான்?" என்றார்.

அவர் கேட்டதற்குப் பதில் ஒரே ஒரு தாளில் இருக்கிறது. நகரக் கழிவு உரத்துக்கு மத்திய உரக் கட்டுப்பாட்டு ஆணை வரம்பு வைத்திருக்கிறது: கிலோவுக்கு நிக்கல் 50 மில்லிகிராம், குரோமியம் 50, காட்மியம் 5, காரீயம் 100, துத்தநாகம் 1,000. உங்கள் ஊருக்கு இலவசமாக ஒரு லோடு கசடு எரு வந்து நின்றால், இந்த எண்கள் உள்ள ஆய்வக அறிக்கையை முதலில் கேளுங்கள். அறிக்கை இல்லாவிட்டால் லாரியை வயலில் இறங்க விடாதீர்கள்.