போர்டில் என்ன போடுவது?

எந்தப் பட்டறை போர்டைப் பார்த்தாலும் ஒரு ஸ்பானர், ஒரு இறக்கை, பாய்ந்து ஓடும் ஒரு கார். எது யார் கடை என்று போன் நம்பரை வைத்துத்தான் கண்டுபிடிக்கணும்!

சிட்ரோயன் காரின் முகப்பில் கூரை மாதிரி இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்குமே, அது அலங்காரமில்லை. ஆந்த்ரே சிட்ரோயன் 1919-இல் கார் விற்க வருமுன் பல்சக்கரம் செய்தவர். டபுள் ஹெலிகல் கியரின் பல்தான் அந்தச் சின்னம். நாம் படித்ததுதான்: ஒற்றை ஹெலிகல் ஷாப்டைப் பக்கவாட்டில் தள்ளும், இரட்டையில் ஒரு பாதியின் தள்ளலை மறுபாதி சமன் செய்துவிடும். செய்த வேலையே சின்னமாகிவிட்டது!

என் அண்ணன் கடன் வாங்கிப் பட்டறை போட்டபோது, ஃப்ளெக்ஸ் கடைக்காரர் தங்க இறக்கை ஒன்றைக் காட்டினார். அண்ணனுக்கும் ஆசைதான்.

"அண்ணே, உங்ககிட்ட அதிகமா எந்த வேலைக்கு வர்றாங்க?"

"பிரேக் வேலைக்கு."

அப்புறமென்ன! ஒரு வட்டம், உள்ளே இரண்டு வளைவு. டிரம்மும் ஷூவும். ரப்பர் ஸ்டாம்பில் சின்னதாக அடித்தாலும் மசி அப்பாமல் தெரியும். இறக்கையின் இறகுகள் அதில் தேறாது.

"பாக்கறவங்களுக்கு இது பிரேக்குன்னு புரியுமாடா?" என்றார் அம்மா. நியாயமான கேள்விதான். ஆனால் சிட்ரோயன் வாங்குபவரெல்லாம் கியர் படித்தவர்களா?

அண்ணன் சற்று யோசித்துவிட்டு, "சரி, சிவப்புல போடச் சொல்லு" என்றார்.