இந்த வருஷமும் பாத்தி போட்டாச்சு



இரண்டு கிழமையாக இந்தப் பக்கம் வரவில்லை, மன்னிக்கவும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேரே வளவுக்குள்தான். கோடைத் தோட்டத்தைச் சுருட்டிக் கட்டுகிற வேலை நேற்றுச் சனிக்கிழமையோடு ஒருவாறு முடிந்தது. கடைசி மிளகாய் ஆய்ந்தாச்சு, கத்தரியைப் பிடுங்கியாச்சு, முருங்கை வெட்டியாச்சு, கிழக்கு வேலி அடைத்தாச்சு. கை முழுக்கக் கொப்புளம். அந்தக் கையால்தான் இதைத் தட்டுகிறோம். எழுத்துப் பிழை கண்டால் எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டாம்.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கட ஆட்கள் இந்த நாட்களில் போடுகிற படங்களைப் பார்க்கிறோம். பூசணிக்காய் அடுக்கிய படம், பச்சையாகவே பறித்த தக்காளி, பாத்தியைச் சருகு போட்டு மூடிய படம். குளிர் வருகிறதாம், தோட்டம் சித்திரை வரை படுத்துவிடுமாம். எங்களுக்கும் ஒக்டோபரில்தான் அறுவடை முடிகிறது. ஆனால் இங்கே தோட்டம் படுத்துக் கிடந்தது கோடையில். எழும்பப் போவது இப்போதுதான். மன்னாருக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கிற மழை கிட்டத்தட்ட 1000 மில்லிமீற்றர். அதில் பெரும்பகுதி ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதமெல்லாம் வெயிலும் சோளகக் காற்றும் கண்ணுக்குள் மணலும்தான்.

இதைக் கொழும்பில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். 2022 ஜூன் மாதம் ஞாபகம் இருக்கும். பெற்றோல் வரிசை, காஸ் வரிசை எல்லாம் நீண்ட காலம். அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் லீவு கொடுக்க முடிவெடுத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஜூன் மாதம் மன்னார்த் தீவில் மிளகாய் விதை போட்டால் அது முளைப்பதற்கு முன்பே சோளகம் அள்ளிக்கொண்டு போய்விடும். அந்த வருஷம் நாங்களும் ஆசைப்பட்டுப் போட்டோம். கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றினோம். மிஞ்சியது இரண்டு வெண்டிச் செடியும் நாரிப்பிடிப்பும்.

கிணற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தீவில் தோட்டம் என்பதே கிணறுதான். எங்கட கிணற்றில் ஊறுவது ஆற்றுத் தண்ணீரோ குளத்துத் தண்ணீரோ இல்லை. போன மாரியில் பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. உப்புத் தண்ணீர் பாரம், மழைத் தண்ணீர் லேசு. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மோட்டர் போட்டு மேலே 1 அடியைக் குறைத்தால் கீழே இருந்து 40 அடிக்கு உப்பு ஏறி வரும் என்பதும் அதே கணக்குத்தான். வகுப்பில் கண்ணாடிக் குவளையில் உப்புத் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் சாயம் கலந்த நல்ல தண்ணீரைக் கரண்டியால் மெதுவாக விட்டுக் காட்டினோம். ஒரு பிள்ளை கேட்டாள், "அப்ப ஏன் டீச்சர் எல்லாரும் மோட்டர் போடுறாங்க?" கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டோம். எங்கள் வீட்டிலும் மோட்டர் இருக்கிறது.

செப்டெம்பர் கடைசியில் தண்ணீர் உவர்த்துவிடும். தேத்தண்ணீரில் தெரியும். மிளகாய் இலையின் ஓரம் கருகத் தொடங்கும். அதற்கு மேல் ஊற்றுவது செடிக்கு நஞ்சு ஊற்றுவது போலத்தான். அதனால் உம்மா ஒரு நாள் காலையில் "போதும், நிப்பாட்டுங்க" என்று சொல்லிவிடுவார். அன்றைக்கு எங்கட கோடை முடிந்தது.

பிறகு ஆய்கிற வேலை. பழுத்த மிளகாயெல்லாம் பாயில் காய்ந்து செத்தல் ஆகிறது. பிஞ்சு மிளகாயைக் கீறி மோரில் ஊறவைத்து மோர்மிளகாய். பாகற்காய் வட்டம் வட்டமாக வெட்டி வற்றல். கத்தரியில் நன்றாகக் காய்த்த செடியில் ஒரு காயை மட்டும் ஆயாமல் விட்டு, மஞ்சளாகிப் பழுத்த பிறகு கீறி, விதையைக் கழுவிச் சாம்பலில் பிரட்டி நிழலில் உலர்த்துவோம். பயற்றங்காய் விதைக்கும் அதே சாம்பல். காஸ் அடுப்பு வந்த பிறகு சாம்பலுக்கு அலைய வேண்டியிருக்கிறது. முன்வீட்டு ராத்தா இன்னும் விறகு எரிக்கிறார். ஒரு சுண்டு சாம்பலுக்கு ஒரு போத்தல் மோர்மிளகாய் என்பது எங்களுக்குள் உடன்படிக்கை. அவர் சுண்டை நிரப்பாமல்தான் தருகிறார் என்று உம்மாவுக்கு ஒரு குறை. ராத்தா இதை வாசிப்பார் என்று தெரியும்.

முருங்கையை ஏன் இப்படி மொட்டையாக வெட்டினீர்கள் என்று பிள்ளைகள் அழுதார்கள். வெட்டாமல் விட்டால் வாடைக் காற்றில் பிளந்து கூரையில் விழும். இரண்டு மழை பெய்தால் மயிர்க்கொட்டி அடை அடையாக ஏறி நிற்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் எங்கட தீவையும்தான் அடித்தது. அதைப் பார்த்த உம்மும்மா, மாரி வருமுன் வளவில் உயரமாக நிற்கிற எதையும் நம்ப மாட்டார். வெட்டிய முருங்கைத் தடிகளில் கைத்தடி மொத்தத்தில் பத்தைப் பொறுக்கி வேலியோரம் ஊன்றியிருக்கிறோம். மழைக்குத் துளிர்க்கும்.

வேலி இல்லாமல் மன்னாரில் வீட்டுத்தோட்டம் பேசவே கூடாது. மற்ற ஊரில் ஆடு, மாடு. எங்களுக்குக் கழுதையும். அரபு வணிகர்கள் கொண்டுவந்தவை என்று சொல்வார்கள். உரிமை கோர இன்றுவரை ஒரு வணிகரும் வரவில்லை. பகலில் சந்தியில் நின்று ஒன்றும் தெரியாத முகத்தோடு பார்க்கும். இரவு இரண்டு மணிக்குக் கிடுகை முகத்தால் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். போன மாரியில் முழங்கால் உயரம் வளர்ந்த பயற்றங்கொடி ஒரே இரவில் காணாமற் போனது. விடியப் பார்த்தால் பாத்தியில் ஒரு கும்பம் சாணி. உம்மா அதை அப்படியே வாரி எருக்கிடங்கில் போட்டார், "வாடகை தந்திட்டுப் போயிருக்கு" என்று. அதனால் இந்தத் தடவை கிழக்குப் பக்கம் கிளுவைக் கதியால் நெருக்கி நட்டு, பனையோலையை இரட்டை வரிசையாகக் கட்டியிருக்கிறோம்.

இதெல்லாம் முடிந்த பிறகு போடுவதுதான் பனங்கொட்டைப் பாத்தி. பனாட்டுக்குப் பிசைந்து களி எடுத்த கொட்டைகளை மரத்தடியில் குவித்து வைத்திருப்போம். வேலியோரம் மணலை முழங்கால் உயரத்துக்கு மேடாக்கி, கொட்டைகளை இடைவெளி விடாமல் அடுக்கி, மேலே மணல் போட்டு மூட வேண்டும். முளை மேலே வராமல் முதலில் கீழே இறங்கும். அது இறங்குகிற மண் பொலபொலவென்று இருந்தால் கிழங்கு நேராக, நீளமாக வரும். தை மாதம் கிண்டலாம். கிண்டப் பிந்தினால் பீலி வெளியே வந்து, கிழங்கு நார் பற்றிவிடும். கொட்டையைப் பிளந்தால் பூரான். பிள்ளைகளுக்கு அதுதான் வேண்டும், கிழங்கு இரண்டாம் பட்சம்.

1990 செப்டெம்பரிலும் உம்மா பாத்தி போட்டார். 300 கொட்டை என்று எண்ணிக்கை சொல்வார். ஒக்டோபர் கடைசியில் ஒலிபெருக்கியில் வெளியேறச் சொன்னார்கள். அந்த நாட்களில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கட சனம் 70,000 பேருக்கு மேல். எருக்கலம்பிட்டிக் கடற்கரையில் வள்ளம் ஏறி, மழையில் நனைந்துகொண்டு கற்பிட்டியில் இறங்கினார்கள். உம்மா எங்களை எட்டு மாதம் வயிற்றில் வைத்துக்கொண்டு ஏறினார். அந்த வள்ளத்தைப் பற்றி உம்மா அதிகம் பேச மாட்டார். ஆனால் தை மாதம் வந்ததும், புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு, பக்கத்துக் கொட்டில் பெண்களோடு பேசியது இதுதானாம்: "இந்நேரம் நம்மட கிழங்க யாரு கிண்டுறாங்களோ."

யாரும் கிண்டவில்லை.

2002 இல் சமாதானம் வந்தபோது வாப்பா முதல் ஆளாக வந்து பார்த்தார். வீட்டுக்குக் கூரையும் இல்லை, கதவு நிலையும் இல்லை. கிணறு தூர்ந்து கிடந்தது. ஒழுங்கை எது வளவு எது என்று தெரியாமல் உடையும் முள்ளும். அதற்குள் ஓரிடத்தில் மட்டும் வடலிகள் நூல் பிடித்தது மாதிரி ஒரே வரிசையில் நின்றன. தானாக முளைத்த பனை அப்படி நிற்காது. அது உம்மாவின் பாத்தி. அதிலிருந்து எட்டு வைத்து வாப்பா எங்கட வளவின் நாலு மூலையையும் கண்டுபிடித்தார்.

முந்தி கிழங்கு கிண்டப் பங்குக்கு வருகிற தமிழ் அக்கா ஒருவர் அடுத்த ஊரில் இருந்தார். வாப்பா போய்ப் பார்த்தபோது அவர் சொன்னாராம்: "தை மாசம் வந்து பாத்தனான். பீலி விட்டிருந்தது. நீங்கள் இல்லாமல் கிண்ட மனம் வரேல்லை. அடுத்த வருஷம் நாங்களும் ஓடிட்டம்." அவருக்கு இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது. பெருநாளைக்கு நாங்கள் போவோம், நத்தாருக்குக் கேக் வரும்.

2010 இல் குடும்பமாக வந்து சேர்ந்தோம். நெருக்கத்தில் பல வடலிகள் ஏற்கனவே பட்டுப்போயிருந்தன. இப்போது மிஞ்சி நிற்பவை 11. அதில் பெண்பனை 4. இந்த வருஷம் பாத்தியில் போன கொட்டை முழுவதும் அந்த நாலு மரத்துடையது. 240.

போடுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் இழுபட்டது. காரணம் இங்கே பலருக்கும் தெரிந்த காரணம்தான். எங்களில் ஒருவருக்கு இங்கே பள்ளிக்கூடம், மற்றவருக்குப் புத்தளத்தில் வேலை. மாதத்தில் இரண்டு தடவை மதவாச்சி, அநுராதபுரம் என்று சுற்றி பஸ். நாகவில்லுவில் கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. பெரிய பிள்ளைக்கு அடுத்த வருஷம் ஆறாம் வகுப்பு. வவுனியா கல்வியியற் கல்லூரியில் எங்களோடு படித்தவர்களில் பாதிப்பேர் இடமாற்றம் எடுத்துப் போய்விட்டார்கள். நாங்களும் விண்ணப்பம் நிரப்பியாச்சு. கிடைத்தால் ஜனவரியில் போக வேண்டும். பாத்தி கிண்டுவதும் ஜனவரியில்.

வாப்பா மௌத்தாகி நாலு வருஷம். உம்மாவைத் தனியே விடவும் முடியாது, கூட்டிக்கொண்டு போகவும் முடியாது. இன்னொரு தடவை ஒரு பாத்தியைப் போட்டுவிட்டு உம்மாவைப் பஸ்ஸில் ஏற்றுவதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. அதனால் வியாழக்கிழமை இரவு சோற்றுக்கு இருந்தபோது, "இந்த வருஷம் பாத்தி வேணாம் உம்மா, கை வலிக்குது" என்று ஒரு பொய் சொல்லிப் பார்த்தோம். உம்மா விண்ணப்பப் படிவத்தை ஏற்கனவே பார்த்திருக்கிறார் போல. அலுமாரியில் துணி அடுக்குகிறவர் அவர்தானே.

"கொட்ட முளைக்கத் தொடங்கிட்டு புள்ள. மழைக்கு முந்தி மண்ணுக்குள்ள போகணும். நீங்க போறதும் இருக்கிறதும் பொறகு பேசுவம்" என்றார். நேற்று அஸருக்குப் பிறகு அவரே மணை போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். நாங்கள் அடுக்கினோம். 240 என்று எண்ணியதும் அவர்தான். அதில் 20 கொட்டையை, சொல்லாமலே, பாத்தியின் மேற்கு மூலையில் தனியாக, இடைவெளி விட்டுப் போடச் சொன்னார். ஏன் என்று கேட்டோம். "அது கிண்டுறதுக்கு இல்ல" என்றார்.

படிவம் இன்னும் அலுமாரியில்தான். கடைசித் திகதிக்கு ஒன்பது நாள் இருக்கிறது. இரவு தெற்கே மின்னியது, மழை இன்னும் இல்லை.

ஒரு உதவி. எங்கட வெள்ளைக் கத்தரி விதை இந்தத் தடவை பூச்சி பிடித்துவிட்டது. தாராபுரம், புதுக்குடியிருப்பு, தலைமன்னார்ப் பக்கம் யாரிடமாவது பழைய நாட்டு விதை இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து வாங்கிக்கொள்கிறோம். பதிலுக்கு செத்தல் மிளகாய் தருவோம், சுண்டு நிரப்பி.