ஒரு தாய் கேட்ட கேள்வி

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் உதவி ஆசிரியராக இருந்தேன். ஞாயிறு இதழின் மகளிர் பக்கமும் என் பொறுப்பிலேயே இருந்தது. ஒருநாள் பக்கத்தில் இடம் மிஞ்சியது. கர்ப்பிணித் தாய்மாருக்கான சத்துமருந்து ஒன்றைப் பற்றித் தொலைநகலில் வந்திருந்த ஆங்கிலக் குறிப்பைத் தமிழாக்கிப் போட்டுவிட்டேன். அனுப்பியவர்களே அதை விற்பவர்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் ஒரு வைத்தியரிடமாவது விசாரிக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அடுத்த வாரம் மட்டக்களப்பிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. "மதிப்புக்குரிய ஐயா, என் மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. நீங்கள் எழுதியதை நம்பி அவளுக்கு இதை வாங்கிக் கொடுக்கலாமா? எந்த வைத்தியரைக் கேட்டு எழுதினீர்கள்?" என்று ஒரு தாய் கேட்டிருந்தார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

இதே போன்ற ஒரு கேள்வியைப் பல ஆண்டுகளின் பின் மருத்துவ வரலாற்றில் வாசித்தபோது, அந்த அஞ்சலட்டைதான் கண்முன் வந்தது.

லண்டனில் சார்ள்ஸ் டொட்ஸ் என்ற விஞ்ஞானியின் குழுவினர் 1938இல் ஒரு செயற்கை ஈஸ்திரஜனை உருவாக்கினர். அதன் நீண்ட பெயரைச் சுருக்கி டி.ஈ.எஸ். என்பர். விலை மலிவான மருந்து, மாத்திரையாக விழுங்கலாம். காப்புரிமை பெறப்படாததால் பல நிறுவனங்கள் அதைத் தயாரித்தன.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஒலிவ் ஸ்மித் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய கணவரான வைத்தியர் ஜோர்ஜ் ஸ்மித்தும் கர்ப்பகால ஹோர்மோன்களை ஆராய்ந்து வந்தனர். கர்ப்பம் சிக்கலாகும் பெண்களின் உடலில் சில ஹோர்மோன்கள் குறைவதை அவர்கள் கண்டனர். டி.ஈ.எஸ். கொடுத்தால் அக்குறை நீங்கும், கருச்சிதைவு தவிரும் என நம்பினர். ஏழாம், எட்டாம் வாரத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கி, 35ஆம் வாரத்தில் 125 மில்லிகிராம் வரை உயர்த்தும் முறையொன்றையும் 1948இல் வெளியிட்டனர். அவர்கள் ஏமாற்றுக்காரர் அல்லர். உழைப்பும் நல்லெண்ணமும் உடையவர்கள். ஆனால் ஹோர்மோன் குறைவது சிக்கலுக்குக் காரணமா, அல்லது சிக்கலின் விளைவா என்பது நிறுவப்படவில்லை. மருந்து எடுத்தவர்களை எடுக்காதவர்களோடு ஒப்பிட்டார்களே தவிர, வெறும் மாத்திரை கொடுத்துச் சோதிக்கவில்லை.

அந்தச் சோதனையைச் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் டீக்மன் செய்தார். சுமார் 1,600 கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மருந்தும், மற்றவர்களுக்கு அதே தோற்றமுடைய வெறும் மாத்திரையும் கொடுக்கப்பட்டன. மருந்தினால் பயனில்லை என்பது 1953இல் வெளிவந்தது. ஆயினும் விற்பனை நிற்கவில்லை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் உகந்தது என்ற விளம்பரங்கள் அதன் பின்னரும் வந்தன.

அறுபதுகளின் இறுதியில் அதே பொஸ்டனில், பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் இருந்த பெண்கள் சிலருக்கு யோனியில் ஓர் அரிய புற்றுநோய் தோன்றியது. வைத்தியர்கள் திகைத்தனர். அப்போது நோயாளி ஒருவரின் தாய், கர்ப்பகாலத்தில் தான் எடுத்த டி.ஈ.எஸ். இதற்குக் காரணமாக இருக்குமோ என்று வைத்தியர் ஹவார்ட் உல்ஃபெல்டரிடம் கேட்டார். ஆர்தர் ஹேர்ப்ஸ்டும் உல்ஃபெல்டரும் மற்றுமொருவரும் அதை ஆராய்ந்தனர். நோயுற்ற 8 பேரில் 7 பேரின் தாய்மார் அம்மருந்தை எடுத்திருந்தனர். ஒப்பீட்டுக்குச் சேர்க்கப்பட்ட 32 பெண்களின் தாய்மாரில் ஒருவர்கூட எடுத்திருக்கவில்லை. ஆய்வு 1971 ஏப்ரலில் வெளியாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுக்கலாகாது என எச்சரித்தது. பயனில்லை என்று தெரிந்து 18 ஆண்டுகள் கடந்திருந்தன.

அந்தத் தாய் மருத்துவம் படித்தவர் என்று நான் எங்கும் வாசிக்கவில்லை. தன் மகளுக்கு என்ன கொடுத்தோம் என்று நினைவுபடுத்திப் பார்த்தார், வாய்விட்டுக் கேட்டார். கேட்பதையே தொழிலாகக் கொண்ட நான் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அதைச் செய்யவில்லை.

அஞ்சலட்டை கிடைத்த பின்னர்தான் மகப்பேற்று வைத்திய நிபுணர் ஒருவரைத் தேடிப் போனேன். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளை ஒழுங்காக எடுக்கட்டும், வேறெதையும் தன் வைத்தியரைக் கேளாமல் தொடவேண்டாம் என்றார் அவர். அதை மறுவாரம் நான்கு வரிகளில் போட்டோம். மட்டக்களப்புக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதினேன். யாரையும் கேளாமலே எழுதினேன் என்பதை அதில் ஒப்புக்கொண்டேன். பதில் வரவில்லை. அந்த மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகியிருக்க வேண்டும் என்று இன்றும் வேண்டிக்கொள்கிறேன்.