சீகிரியாவில் ஒரு லினக்ஸ்

கணினியின் உள்விவகாரம் எதையும் அறியாத சாதாரண மனிதர் ஒருவர் விண்டோஸை விட்டுவிட்டு, லினக்ஸ் போன்ற மாற்று இயங்குதளம் ஒன்றைப் பயன்படுத்த முடியுமா? இருபது ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்வி தொழில்நுட்ப ஆர்வலர்களின் மாலைநேர விவாதமாக இருந்தது. இன்று அது பல வீடுகளில் பணப்பைக்குரிய கேள்வியாகிவிட்டது. 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. விரும்பியவர்கள் மேலும் ஓராண்டு நீடித்துக்கொள்ளலாம் என்றார்கள், அவ்வளவுதான். விண்டோஸ் 11 க்கோ ஓரளவு புதிய வன்பொருள் வேண்டும். 2018 க்கு முன் வாங்கிய கணினிகள் பலவற்றை அது வாசலிலேயே மறித்துவிடுகிறது. 2022 இல் டொலரின் விலை 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறி, பின்னர் பழைய நிலைக்குத் திரும்பாத ஒரு நாட்டில், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்கு என்று சொல்வது எளிதான காரியமல்ல.

இந்தக் கேள்வியை அண்மையில் என்னிடம் எழுப்பியவர் சீகிரியாவில் சிறு விடுதி நடத்தும் நண்பர். மாத்தளையைச் சேர்ந்தவர். ஐந்தே அறைகள், முற்றத்தில் நின்றால் குன்று தெரியும். முன்பதிவுகளும் கணக்கும் கடிதங்களும் பத்து வயதான ஒரு மடிக்கணினியில் இருந்தன. "கம்ப்யூட்டரை நான் காசு குடுத்துத்தானே வாங்கினேன், குத்தகைக்கா எடுத்தேன்? இனிப் பாவிக்கக் கூடாதுன்னு சொல்ல அவங்க யார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்லத் தெரியாத கேள்விகளை நேரில் போய்ப் பார்ப்பது பத்திரிகைத் தொழில் கற்றுத்தந்த வழக்கம். போனேன்.

தம்புள்ளையிலிருந்து வந்த ஓர் இளைஞர் அந்த மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் என்னும் தொகுப்பை ஒரு பிற்பகலில் நிறுவிக்கொடுத்தார். இதற்கு முன் பழைய கோப்புகளை வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுத்து வைத்தார். அடுத்த நாள் வரவேற்பு மேசைக்கு வந்த பெண்ணிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. அவர் உலாவியைத் திறந்தார், முன்பதிவுகளைப் பார்த்தார், விருந்தினர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். மத்தியானம்தான், "சார், இது என்ன, படமெல்லாம் மாறிக் கிடக்கு?" என்று கேட்டார். பின்னணிப் படத்தைத்தான் சொன்னார்.

இதில் வியப்பில்லை. இன்று பெரும்பாலோருக்குக் கணினி என்பது உலாவிதான். அதைவிட, நாம் கையில் வைத்திருக்கும் ஆண்ட்ரொய்ட் தொலைபேசியின் கருவாக இருப்பதே லினக்ஸ்தான். 1991 இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய அந்தக் கருவை, மரக்கறிக் கடைக்காரரும் முச்சக்கர வண்டிச் சாரதியும் பெயர் தெரியாமலே நாள்முழுதும் பயன்படுத்துகிறார்கள். ஆகவே "லினக்ஸ் சாதாரண மக்களுக்குக் கடினமானது" என்ற பழைய வசனத்தை அப்படியே இனியும் ஒப்புவிப்பதில் பொருளில்லை.

அப்படியானால் பிரச்சினையே இல்லையா? இருந்தது. அவற்றைச் சொல்லாமல் விட்டால் இது செய்தியாகாது, விளம்பரமாகிவிடும்.

முதலாவது அச்சுப்பொறி. அச்சிட்டது; ஆனால் கடவுச்சீட்டைப் பிரதி எடுக்கும் வருடி இரண்டு நாட்கள் மௌனம் சாதித்தது. இளைஞர் மீண்டும் வந்து உரிய இயக்கி மென்பொருளைத் தேடி நிறுவிய பிறகே அது வாய் திறந்தது. இரண்டாவது கணக்கு. நண்பரின் கணக்காளர் தந்திருந்த மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடுவது. அதற்கு மாற்று வழி எதுவும் சரிப்படவில்லை. கடைசியில், மூலையில் கிடந்த இன்னொரு பழைய கணினியில், இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, கணக்கை மட்டும் விண்டோஸிலேயே வைத்துக்கொண்டார்.

மூன்றாவதுதான் நமக்கே உரிய தமிழ்ப் பிரச்சினை. பிரதேச சபைக்கும் வங்கிக்கும் எழுதிய பழைய கடிதங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தன. இந்நாட்டில் தமிழ் தட்டெழுதிப் பிழைத்தவர்களுக்குப் பாமினியைப் பற்றி விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாமினியில் தமிழ் எழுத்து என்று கணினி எதையும் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி மாட்டியிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று பல்லைக் காட்டும். லினக்ஸில் அக்கடிதங்களைத் திறந்தபோது நண்பர் திடுக்கிட்டு, "எல்லாம் அழிஞ்சு போச்சா?" என்றார். அழியவில்லை. பாமினியை நிறுவியதும் மீண்டும் தெரிந்தன. ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகளும் இருக்கின்றன. ஆனால் நூற்றுக்கணக்கான பக்கங்களை மாற்றிச் சரிபார்க்க யாருக்கு நேரம்?

சீகிரியாவின் கண்ணாடிச் சுவர் அந்த மேசையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குன்றைக் காணவந்தவர்கள் அதில் கீறிவிட்டுப்போன சிங்களப் பாடல்களில் 685 ஐப் பேராசிரியர் செனரத் பரணவிதான வாசித்து 1956 இல் நூலாக வெளியிட்டார். அந்தச் சுவரை வாசிக்க அவருக்கு எழுத்தறிவும் பொறுமையும் தேவைப்பட்டன. எந்த நிறுவனத்தின் அனுமதியும் தேவைப்படவில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் எழுதிய கட்டுரைகளை இன்று வாசிக்க வேண்டுமென்றால், எழுத்துரு வேண்டும், பக்க வடிவமைப்புக்கு அக்காலத்தில் பயன்பட்ட பேஜ்மேக்கர் வேண்டும், அதை ஓட்டும் பழைய விண்டோஸ் வேண்டும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வெளியானது 2001 இல். எந்த இயங்குதளம் சிறந்தது என்று வாதாடுவதற்கு முன், நம் எழுத்து யாருடைய பூட்டுக்குள் இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த இடத்தில் லினக்ஸ் வெகுதூரம் வந்துவிட்டது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 2005 வாக்கில் உபுண்டு இறுவட்டுகளை உலகின் எந்த மூலைக்கும் தபாற்செலவின்றி அனுப்பினார்கள். கொழும்பில் என் கைக்கும் ஒன்று கிடைத்தது. ஆர்வத்துடன் போட்டுப் பார்த்தேன். கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம் எனத் தமிழ் சிதறிக் கிடந்தது. தொலைபேசி வழி இணையத்துக்கான மோடமோ அசையவே மறுத்தது. இன்று ஒருங்குறித் தமிழ் லினக்ஸில் ஒழுங்காகத் தெரிகிறது. தமிழ்99 மட்டுமன்றி, இலங்கையில் நியமமாக்கப்பட்ட இரங்கநாதன் விசைப்பலகையும் அதில் கிடைக்கிறது. கேடீஈ, குனோம் போன்ற பணிச்சூழல்களைத் தமிழாக்கியவர்கள் பல நாடுகளில் சம்பளமின்றி உழைத்த தன்னார்வலர்கள். பெடோராவை அடிப்படையாகக் கொண்டு ஹந்தான லினக்ஸ் என்ற தொகுப்பும் இலங்கையில் உருவானது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவு செய்வதற்காகச் சகானா என்னும் திறந்த மூல மென்பொருளை எழுதி, பின்னர் உலகின் பிற அனர்த்தங்களுக்கும் பயன்படத் தந்தவர்கள் இந்நாட்டு நிரலாளர்கள். ஆகவே திறமைக்குப் பஞ்சமில்லை.

பஞ்சம் வேறிடத்தில் இருக்கிறது. விண்டோஸ் எளிது என்று சொல்பவர்களில் எத்தனை பேர் அதைத் தாமே நிறுவியிருக்கிறார்கள்? கடைக்காரர் நிறுவித் தருகிறார். பழுதானால் அவரே அழித்துவிட்டு மீண்டும் போடுகிறார். அது பல நேரங்களில் உரிமமற்ற பிரதி என்பது ஊரறிந்த இரகசியம். லினக்ஸ் என்றால் மட்டும் பயனாளர் தாமே தரவிறக்கி, தாமே நிறுவி, தாமே பழுது பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். கடைக்காரரின் துணையோடு ஓடும் ஒன்றையும் தனித்து விடப்பட்ட ஒன்றையும் போட்டிக்கு விட்டுவிட்டு, முன்னது வென்றது என்று தீர்ப்புச் சொல்வது முறையா?

கேரளத்தின் அனுபவம் இதை நன்றாகக் காட்டுகிறது. அம்மாநிலத்து அரசுப் பாடசாலைகள், ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின் கீழ், 2008 அளவில் கட்டற்ற மென்பொருளுக்கு முழுமையாக மாறின. ஆசிரியர்களைப் பயிற்றினார்கள்; பத்தாம் வகுப்பின் தகவல் தொழில்நுட்பத் தேர்வையே அதில் நடத்தினார்கள்; தமக்கென உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட தொகுப்பொன்றைப் பராமரித்து வருகிறார்கள். அந்த ஆசிரியர்கள் பொறியியலாளர்கள் அல்லர். மலையாளமும் கணக்கும் வரலாறும் கற்பித்தவர்கள். சந்தேகம் வந்தால் கேட்பதற்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தார்; அதுதான் வேறுபாடு.

எதிர்ப்பக்கச் சான்று ஜெர்மனியின் மியூனிக் நகரம். 2013 அளவில் ஏறத்தாழ 15,000 நகரசபைக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிமுடித்த அந்நகரம், 2017 இல் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. அதில் அரசியலும் கலந்திருந்தது. ஆனாலும் வெளி அலுவலகங்களுடன் பரிமாறும் ஆவணங்களும் விண்டோஸை மட்டுமே நம்பி எழுதப்பட்ட சிறப்பு மென்பொருள்களும் அங்கும் தலைவலியாக இருந்தன. சீகிரியா விடுதியின் கணக்கு மென்பொருளைப் பெரிதாக்கிப் பார்த்தால் மியூனிக் தெரியும்.

ஆகவே, என்னிடம் கேட்போருக்கு நான் சொல்வது இதுதான். இணையம் பார்ப்பது, கடிதம் எழுதுவது, படம் பார்ப்பது என்ற அளவில் நிற்பவர்களுக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும். விட முடியாத விண்டோஸ் மென்பொருள் ஒன்றேனும் இருந்தால் அவசரப்பட வேண்டாம். யாராயினும் இயங்குதளத்தை மாற்றுமுன், விண்டோஸில் இருந்தபடியே லிப்ரெ ஒபிஸையும் பயர்பொக்ஸையும் சில மாதங்கள் பழகிப் பாருங்கள். அவை இரு பக்கமும் ஒரே மாதிரி இயங்குபவை. வீடு மாறும்போது தளபாடங்களாவது பழக்கமானவையாக இருக்கும். தமிழில் இனி எழுதுவதை ஒருங்குறியிலேயே எழுதுங்கள். பழைய பாமினிக் கோப்புகளை ஆறுதலாக மாற்றிவையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மாறும் முன் கேட்க வேண்டிய கேள்வி "இது எளிதா?" என்பதன்று, "நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவேன்?" என்பதே.

தெரிந்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். லினக்ஸின் பெருமையை இணையத்தில் நாலு பேருடன் மல்லுக்கட்டி நிலைநாட்டுவதைவிட, உங்கள் ஊரில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கோ சிறு கடைக்காரருக்கோ அதை நிறுவிக்கொடுத்துவிட்டு, மறுவாரம் ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள். அந்தத் தம்புள்ளை இளைஞர் இரண்டாம் முறை வந்திருக்காவிட்டால், நண்பரின் மடிக்கணினி இப்போது ஏதாவதொரு அலுமாரியின் மேல் தூசு படிந்து கிடந்திருக்கும்.