முகவரி இழந்த பாடல்கள்

இரத்தினபுரி மாவட்டத் தோட்டமொன்றில், மாசி மாதத்துக் காமன்கூத்துப் பாடல்களையும் மூதாட்டியரின் ஒப்பாரிகளையும் ஒலிப்பதிவு செய்து, புற வன்தட்டு ஒன்றிற் சேமித்து வந்தான் இளைஞன் ஒருவன். ஒருநாள் கணினியின் இசைத்தொகுப்பு எதனையும் இசைக்க மறுத்தது. பெயர்கள் வரிசையாய் நின்றன, குரல்கள் இல்லை. பாடியோருட் சிலர் அதற்குள் மறைந்துவிட்டனர்.

பாடல்கள் அழியவில்லை. இசைத்தொகுப்பு மென்பொருள் பெரும்பாலும் பாடல் இருக்கும் முகவரியையே குறித்து வைக்கின்றது. முன்பு 'ஈ' என்னும் எழுத்தைப் பெற்றிருந்த வன்தட்டு, வேறொரு கருவி அவ்விடத்தை முந்திக்கொள்ள, 'எஃப்' ஆகிவிட்டது. தனி முகவரியின்றித் தோட்ட அலுவலகம் வழியே கடிதம் பெற்ற லயத்து மக்களுக்கு இது விளங்காத சங்கதியன்று. விண்டோஸின் வட்டு முகாமைப் பகுதியிற் பழைய எழுத்தை மீள வழங்கியதும் குரல்கள் திரும்பின. தட்டிலிருந்து 'டக், டக்' என்னும் ஒலி எழுந்திருப்பின் பழுது இயந்திரத்தினுடையது. உடனே நிறுத்துவதன்றி வேறு வழியில்லை.

சி. வி. வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983 இல் நூலாக வந்தது. அது சொற்களைக் காத்தது. ஒப்பாரியின் இழுவையையும் தப்பின் அடியையும் தாள் எவ்வாறு ஏற்கும்? அவற்றுக்கு இருந்ததோ ஒரேயொரு தட்டு!

அவ்வாரமே இரண்டாம் பிரதி ஒன்று கேகாலையிலுள்ள உறவினர் வீட்டிற்குச் சென்றது. பாடியவர் பெயரோ தோட்டமோ குறிக்கப்படாது, வெறும் இலக்கமிட்ட பதிவுகள் அதில் இன்னும் பல உள. அவற்றை அடையாளம் காணவல்ல கிழவி ஒருத்தி கீழ் லயத்தில் இருக்கிறாள்.