பின்வாங்கும் கலை

கரும்பு வெட்டுத் தொடங்கிவிட்டால் எங்கள் களமருதூர்ப் பக்கத்துச் சாலைகளில் டிராக்டர்ப் பெட்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து செல்வதே பயணம் என்றாகிவிடும். 2019இல் தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சியில் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆகிய இரண்டு ஊர்களிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. கரும்பை மலைபோல் ஏற்றிக்கொண்டு ஆலைக்குச் செல்லும் ஓட்டுநரை வியப்பவர் பலர். நாங்கள் வியப்பது, அவர் வெறும் பெட்டியோடு கொல்லைக்குள் பின்வாங்கி நுழையும் அந்தச் சில நிமிடங்களை.

கொல்லைப் பாதை பெரும்பாலும் ஒரு பெட்டியின் அகலமே இருக்கும். உள்ளே திரும்ப இடமில்லை. ஆகவே காலியாக இருக்கையில் பின்னோக்கி நுழைந்து, பாரத்தோடு முன்னோக்கி வெளியேறுவதே முறை. வெட்டிய கரும்பு காத்திருக்கக் காத்திருக்க எடையும் குறையும், சாறின் இனிப்பும் குறையும். நுழைவாயிலில் வீணாகும் நேரம் விவசாயியின் கணக்கில்தான் கழியும்.

மாட்டுவண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் ஏர்க்கால் வண்டியோடு ஒன்றிய மரம். இடையில் மூட்டு கிடையாது. பின்னே தள்ள வேண்டுமானால் மாட்டை அவிழ்த்துவிட்டு நுகத்தடியைப் பிடித்துத் தள்ளிவிடலாம். டிராக்டருக்கும் பெட்டிக்கும் நடுவே கொக்கியும் பின்னும் வந்தபோது ஒரு மூட்டு வந்தது. மூட்டு வந்ததும் திசை தலைகீழானது. இருசக்கரப் பெட்டியின் பின்புறம் இடப்பக்கம் போக வேண்டுமானால் ஸ்டீயரிங்கை முதலில் வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். பெட்டி திரும்பத் தொடங்கியதும் மறுபக்கம் ஒடித்து அதனைப் பின்தொடர வேண்டும். தாமதித்தால் பெட்டி மடங்கி, அதன் இழுவைத் தண்டு டிராக்டரின் பின்சக்கரத்தில் போய் இடிக்கும். இதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. கையை ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தில் வைத்துக்கொண்டால், கை போகும் பக்கமே பெட்டியும் போகும்.

நான்குசக்கரப் பெட்டியில் முன் அச்சும் தனியே சுழல்வதால் மூட்டுகள் இரண்டு. தலைகீழுக்குத் தலைகீழ் நேராகிவிடுகிறது. ஆனால் தடுமாற்றம் இரட்டிக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: சிறிதாக ஒடிப்பது, சீக்கிரம் நேர் செய்வது, கோணம் மிஞ்சினால் வெட்கப்படாமல் முன்னே சென்று மீண்டும் தொடங்குவது.

வீட்டையே பெட்டியாக்கிக் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் அமெரிக்கர்களுக்கும் இதே பாடம்தான். அவர்களது வேகச் சாலைகளில் பெட்டி இடமும் வலமும் ஆடத் தொடங்கினால் வண்டியே கவிழக்கூடும். பாரம் அச்சுக்குப் பின்னால் மிகுந்து, கொக்கியின்மேல் அழுத்தம் குறையும்போது இந்த ஆட்டம் வருகிறது. எனவே பெட்டியின் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின்மேல் இருக்க வேண்டும் என்பது அவர்களது கணக்கு. அதற்கு மேலும் காப்பாக, ஆட்டத்தை உராய்வால் தடுக்கும் ஓர் இரும்புத் தண்டை இரண்டுக்கும் இடையே பூட்டுகிறார்கள். ஆனால் பின்வாங்குமுன் அவ்வகைத் தண்டைக் கழற்றிவிட வேண்டும். கூர்மையான திருப்பத்தில் அது வளைந்து போகும். பூட்டிய இடத்தையும் சிதைக்கும். முன்னே போகையில் நம்மைக் காத்தது பின்னே வருகையில் தடையாகிறது என்பதை இரும்பு இவ்வளவு தெளிவாகச் சொல்லும் இடம் வேறு உண்டா என்று தெரியவில்லை.

எங்கள் பெட்டிகளுக்கு அத்தகைய தண்டு இல்லை. இங்கே காப்பாக நிற்பது, பின்னால் இருந்து "வரட்டும், வரட்டும்... ஓல்டேன்!" என்று குரல் கொடுக்கும் மனிதர். பெட்டியின் பின்பலகையை ஒட்டிய தரை ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது. அங்கே கரும்புச் சோகை பொறுக்கும் மூதாட்டி இருக்கலாம். துண்டுக் கரும்புக்கு ஓடிவரும் சிறுவன் இருக்கலாம். ஆகவே குரல் கொடுப்பவர் பெட்டிக்கும் வரப்புக்கும் நடுவே நிற்காமல், ஓட்டுநர் பார்க்கும்படி பக்கவாட்டில் நிற்க வேண்டும். அவர் கண்ணிலிருந்து மறைந்த கணமே பிரேக்கை மிதிக்க வேண்டும். எஞ்சின் இரைச்சலில் குரலை மட்டும் நம்புவதற்கில்லை.

நல்ல ஓட்டுநர்கள் இன்னும் ஒன்று செய்கிறார்கள். பின்வாங்குமுன் இறங்கி, பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து வருகிறார்கள். அரை நிமிடம்கூட ஆகாது. அவர்கள் ஏறி அமரும்வரை பின்னால் வரிசை கட்டி நிற்கும் நாம், ஹாரனை அழுத்தாமல் இருந்தால் போதும்.