விடைக்கோழிகளோடு மூன்று வாரம்

தைப்பிங்கில் இன்று மழை எத்தனை மணிக்கு வரும் என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம். தீபகற்பத்திலேயே அதிகம் நனையும் ஊர் அது. ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை. கடந்த ஆண்டு அங்கே மூன்று வாரம் தங்கியிருந்தபோது நானும் தினமும் ஒரு பந்தயம் கட்டினேன். மழையைப் பற்றி அல்ல. அம்மாவின் நான்கு கோழிகளில் எது இன்று முட்டையிடும் என்று.

அக்காவுக்குத் தலைப்பிரசவம். அக்கா இருப்பது கிள்ளானில். அம்மா போயே ஆக வேண்டும். ஆனால் கமுந்திங் வீட்டுக் கொல்லையில் நான்கு விடைக்கோழிகள் இருந்தன.

"கோலாலம்பூர்ல கம்ப்யூட்டர் முன்னால உட்கார்றதை இங்க வந்து உட்காரேன்பா," என்றார் அம்மா. வீட்டிலிருந்தே வேலை பார்க்க அலுவலகத்தில் அனுமதி கிடைத்தது. மறுக்கக் காரணம் இல்லை.

முட்டைக்கு வராத இளங்கோழிதான் விடைக்கோழி. பேச்சில் 'வெடக்கோழி' என்போம். நம்மில் பலருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் குழம்புதான் நினைவுக்கு வரும். அம்மாவின் கணக்கு வேறு. 2022 இறுதியில் நாட்டில் முட்டைத் தட்டுப்பாடு வந்து, நாமக்கல்லிலிருந்தெல்லாம் முட்டை இறக்குமதி ஆனது நினைவிருக்கும். அப்போது கோழி வளர்க்கத் தொடங்கியவர் அம்மா. அக்கா கர்ப்பமானதும் மாதங்களை எண்ணிப் பார்த்து, இரண்டு மாதக் குஞ்சுகளாக நான்கு கம்பத்துக் கோழிகளை வாங்கிவிட்டார். பிள்ளை பெற்றவளுக்கு வீட்டு முட்டை கொடுக்க வேண்டுமாம். கோழிக்கு ஐந்து மாதம் ஆகும்போது குழந்தையும் பிறந்திருக்கும், முட்டையும் வந்திருக்கும். கணக்கு சரிதான். கோழிகளுக்குத்தான் அது தெரியாது.

கே.எல். சென்ட்ரலில் ஏறிய ரயில் பாடாங் ரெங்காசைத் தாண்டி, நீண்ட சுரங்கப்பாதையில் நுழைந்து வெளியே வந்தபோது ஜன்னல் முழுக்க மழை. அம்மா பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். பொறுப்பை ஒப்படைக்க அரை மணி நேரம் ஆனது.

கூண்டு தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருந்தது. தகரக் கூரை, மூசாங் நுழையாதபடி கெட்டியான கம்பி வலை, உள்ளே மரச்சீவல். "மழையில சீவல் நனைஞ்சா உடனே மாத்திடு. ஈரம்தான் கோழிக்கு எமன்." ஒரு மூலையில் முட்டையிட இரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓரடி அகலம். மூங்கில் திரை போட்டு இருட்டாக்கியிருந்தார். கோழிகள் இரவில் உட்காரும் கம்பு பெட்டிகளைவிட உயரத்தில் இருந்தது. பெட்டி உயரமாக இருந்தால் கோழி அதிலேயே தூங்கி எச்சமிட்டுவிடுமாம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கோல்ஃப் பந்து வேறு. "இதுதான் முட்டையிடற இடம்னு அதுங்களுக்குத் தெரியணுமில்ல?"

காரில் ஏறும்போது கடைசியாக ஒன்று சொன்னார்: "முட்டையைப் பார்க்காதே. கோழியைப் பாரு."

கோழிகளைப் பார்க்கத் தொடங்கினேன். கருப்பி, செவலை, சாம்பல், புள்ளி என்று நிறத்தை வைத்தே பெயர். கருப்பியின் கொண்டையும் தாடியும் நன்றாகச் சிவந்திருந்தன. மற்ற மூன்றுக்கும் வெளிர் நிறம்தான். முதுகைத் தொட்டால் கருப்பி இறக்கையை விரித்துத் தரையோடு பதுங்கும். அதுவும் முட்டைக்கு வந்ததன் அடையாளம். நான்காம் நாள் காலையில் பெட்டிக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. பிறகு ஒரே கேரல். அக்கம்பக்கத்துக்கெல்லாம் அறிவித்துவிட்டது.

பெட்டியில் பார்த்தால் கோல்ஃப் பந்தைவிடச் சற்றே பெரிய ஒரு முட்டை. ஓட்டின் மேல் மெல்லிய இரத்தக் கோடு. பயந்துபோய் அம்மாவை அழைத்தேன். "முதல் முட்டையில அப்படி இருக்கும்பா. தொடர்ந்து வந்தாத்தான் பயப்படணும். கருப்பி என்ன பண்ணுது?"

நான் முட்டையைத்தான் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். கருப்பியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு. கோழி முட்டையிடுவதைப் பகல் வெளிச்சம்தான் முடுக்குகிறது. குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் பகல் சுருங்கி முட்டையும் நின்றுவிடும். அங்கே கூண்டில் விளக்கு போட்டு வைப்பார்கள். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரப் பகல். விளக்கும் வேண்டாம், சேவலும் வேண்டாம். சேவல் இல்லாமலே கோழி முட்டையிடும், குஞ்சு மட்டும் பொரிக்காது. தாமான் வீடுகளில் சேவல் கூவினால் புகார் வரும். கோழி வளர்க்கவே நகராண்மைக் கழகங்கள் விதிமுறை வைத்திருக்கின்றன. முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. சிங்கப்பூரில் வீவக வீட்டில் இருப்பவர்கள் ஆசைப்படவே முடியாது, அங்கே கோழிக்கு அனுமதி இல்லை.

முதல் முட்டையின் மகிழ்ச்சியில் நான் தவறு செய்யத் தொடங்கினேன். முட்டையிடும் கோழிக்குச் சத்து வேண்டும் அல்லவா? காலையில் மீந்த ரொட்டி, மதியம் சோறு, மாலையில் சோளம். கையிலிருந்தே கொத்தித் தின்றன. நான் கூண்டை நெருங்கினாலே நான்கும் ஓடி வந்தன. அம்மா வாங்கி வைத்திருந்த முட்டைக்கோழித் தீவனம் அப்படியே மீந்தது. சோற்றில் வயிறு நிறைந்த கோழி தீவனத்தை ஏன் தொடப்போகிறது?

இரண்டாம் வாரத்தில் பெட்டிக்கு வெளியே ஒரு முட்டை கிடந்தது. எடுத்தேன், ஓடே இல்லை. ஈர பலூனைப் போலக் கையில் குழைந்தது. மறுநாள் இன்னொன்று.

"தெலூர் லெம்பிக்," என்றார் வேலிக்கு அப்பால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மக்சிக். நம்மவர்கள் தோல்முட்டை என்பது இதைத்தான். முட்டையிடத் தொடங்கும் நாட்களில் ஒன்றிரண்டு இப்படி வருவது உண்டு. உடம்பு இன்னும் பழகவில்லை. சில நேரம் இரட்டைக் கரு வரும், சில நேரம் கருவே இல்லாத குட்டி முட்டை வரும். ஆனால் மக்சிக் வேலியோரம் வந்து, தட்டிலிருந்த சோற்றைப் பார்த்துத் தலையாட்டினார். "நாசி சாஜா? பாகி குலிட் கெராங் லா."

அன்று இரவு உட்கார்ந்து படித்ததில் புரிந்தது. ஒரு முட்டை உருவாக ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. அதில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடும். ஓர் ஓட்டுக்கு இரண்டு கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து தேவை. தீனியில் அது இல்லையென்றால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். ஓடு பெரும்பாலும் இரவில், கோழி தூங்கும்போதுதான் இறுகுகிறது. அதனால் மாலையில் சிப்பி ஓட்டைத் துண்டு துண்டாகக் கொடுத்தால் இரைப்பையில் தங்கி இரவு முழுக்க மெல்லக் கரையும். மாவாக அரைத்தால் சீக்கிரம் போய்விடும். முட்டைக்கு வரும் முன்பே இதை அள்ளிக் கொடுக்கவும் கூடாது, இளங்கோழியின் சிறுநீரகம் கெடும்.

சனிக்கிழமை காலையில் அம்மாவின் மோட்டார் சைக்கிளில் கோலா செப்பாத்தாங் போனேன். சதுப்புநிலக் காடும் கரிச்சூளைகளும் கெராங்கும் உள்ள கரை அது. பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் 1885-இல் தைப்பிங்கிலிருந்து இங்கேதான் ஓடியது. தண்டவாளம் போய்விட்டது; நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் கடைகளுக்கு நடுவே நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்துகள். அந்தத் தமிழின் முன்னால் சிறிது நேரம் நின்றேன். பிறகு ஒரு கடல் உணவுக் கடையின் பின்பக்கம் போய்க் கெராங் ஓடு கேட்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு சாக்கு நிறையக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. மூன்று கோழிகள் கூரைக்கடியில் நின்றன. செவலை மட்டும் மூலையில், இறகைச் சிலிர்த்து, வாலைத் தாழ்த்தி, உடம்பை நிமிர்த்தி நின்றது. வால் ஏறி ஏறி இறங்கியது. சோளத்தைக் காட்டினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலையில் அது பெட்டிக்குள் போனதைப் பார்த்திருந்தேன். முட்டை வந்ததா என்று மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, இல்லையென்றதும் புறப்பட்டிருந்தேன்.

அம்மாவுக்கு மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை. அக்காவைப் பிரசவ அறைக்கு அழைத்துப் போயிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கால்நடை மருத்துவரின் கிளினிக் மூடியிருந்தது. வேலியோரம் நின்று மக்சிக்கைக் கூப்பிட்டேன். ஒரு பேசினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டது. சுண்ணாம்புச் சத்து குறைந்தால் ஓடு மட்டுமல்ல, முட்டையை வெளியே தள்ளும் தசையும் வலுவிழக்கும். வெதுவெதுப்பான நீரில் வயிறுவரை நனையும்படி செவலையை உட்காரவைத்தோம். கால்மணி நேரம் அசையாமல் இருந்தது. துடைத்து, ஆசனவாயில் தேங்காய் எண்ணெய் தடவி, துணி விரித்த அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்தோம். நான் வயிற்றை அமுக்கப் போனேன். மக்சிக் கையைத் தட்டிவிட்டார். உள்ளே முட்டை உடைந்தால் கோழி பிழைப்பது கடினம். "சபார்," என்றார். பொறு.

இரவில் இன்னும் இரண்டு முறை வெந்நீரில் வைத்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே படுத்துக்கொண்டேன். கூரையில் மழை. விடிந்தும் வரவில்லையென்றால் ஈப்போவரை கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். ஐந்து மணி வாக்கில் பெட்டிக்குள் சரசரப்பு கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். நசுங்கிய தோல்முட்டை ஒன்று துணியில் கிடந்தது. செவலை எழுந்து நின்று தண்ணீர் தேடியது.

ஆறரைக்கு அம்மா அழைத்தார். "பொம்பளைப் புள்ளப்பா!"

"எத்தனை கிலோ? யாரை மாதிரி இருக்கு? படம் அனுப்புங்கம்மா!"

அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். நான் செவலையின் கதையைச் சொன்னேன். "தண்ணி குடிச்சுதா? நடக்குதா? ரெண்டு நாள் தனியா வை, மத்ததுங்க கொத்தும்," என்றார். பிறகு சிறிது நேரம் எதுவும் பேசவில்லை.

"ஏம்பா, அக்கா எப்படி இருக்குன்னு நீ இன்னும் கேட்கலையே."

எனக்குப் பதில் வரவில்லை.

கெராங் ஓட்டைக் கழுவி, வெயில் இல்லாததால் சட்டியில் வறுத்து, உரலில் மிளகளவுக்கு இடித்தேன். தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவைப்பட்ட கோழி தேவைப்பட்ட அளவு எடுத்துக்கொள்கிறது. ரொட்டியை நிறுத்தினேன். சோளம் மாலையில் ஒரு பிடி மட்டும், மற்றதெல்லாம் தீவனம். தண்ணீரை இரண்டு வேளை மாற்றினேன். முட்டை கிடந்தால் கோழி கொத்திப் பழகும் என்பதால் உடனுக்குடன் எடுத்தேன். ஆனால் கூண்டுக்குப் போனால் முதலில் நான்கையும் எண்ணினேன்; நிற்கும் விதம், நடை, கண், எச்சம் எல்லாவற்றையும் பார்த்தேன். பெட்டிக்குள் கை விட்டது அதற்குப் பிறகுதான். மூன்றாம் வாரத்தில் முட்டைகள் பெரிதாகி ஓடு இறுகியது. செவலை எட்டு நாள் ஓய்வெடுத்துவிட்டு மீண்டும் இட்டது. தட்டினால் சத்தம் வரும் முட்டை.

மக்சிக் கோழிகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மைலோ டின்னில் செய்தித்தாளைக் கசக்கிப் போட்டு 14 முட்டைகளை அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன்.

வீடு நிறைய உறவுகள். தொட்டிலைச் சுற்றி ஐந்தாறு பேர், ஆளுக்கொரு கைப்பேசியோடு. அம்மா டின்னை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். அறைக் கட்டிலில் அக்கா தனியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"புள்ளையைப் பார்த்தியாடா?"

"அப்புறம் பார்க்கிறேன்கா. நீ சாப்பிட்டியா?"

அக்கா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தது. "இல்லடா. காலையிலேர்ந்து யாரும் கேட்கலை."

சமையலறையில் அம்மா முட்டை உடைக்கும் சத்தம் கேட்டது.